'யாரிடமும் சொல்லாதே' என்று கூட்டாளி சத்தியம் கேட்டால்...

சில வாரங்களுக்கு முன், ஜார்ஜ்டவுனில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிக்கு என்னை அழைத்திருந்தார்கள். நான் மருந்தாளர். மருந்தியல் படிக்க என்னென்ன பாடங்கள் வேண்டும், படித்து முடித்தபின் எங்கெல்லாம் வேலை கிடைக்கும் என்று அரை மணி நேரம் பேசினேன். அடுத்து கேள்வி நேரம்.

நான்காம் படிவ மாணவி ஒருவர் எழுந்தார். "மிஸ், மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டா தூக்கத்துல எழுந்து போய் ஆளைக் கொன்னுடுவாங்களா? ஓர் இங்கிலீஷ் படத்துல பார்த்தேன்" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஒரு மாணவன் அருகில் வந்தான். அவன் யார் என்று தெரியும்படி எதையும் இங்கே எழுதப் போவதில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டான்.

"மிஸ், என் கூட்டாளி ஒருத்தன் அந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டான். இப்ப நிறுத்திட்டான். வீட்டுல சாப்பிடுற மாதிரி நடிக்கிறான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். நான் என்ன செய்யணும்?"

"வா, இப்பவே உங்க ஆலோசக ஆசிரியரைப் போய்ப் பார்ப்போம்" என்றேன். "யோசிச்சுச் சொல்றேன் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிப் பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டான். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. இப்படி ஒரு மாணவன் வந்து கேட்டான் என்று ஆலோசக ஆசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பினேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. ஏனென்றால், 17 வயதில் இதே கேள்வியை நெஞ்சில் சுமந்துகொண்டு அலைந்தவள் நான். அன்று நான் தேர்ந்தெடுத்த பதில் தவறானது. அதனால்தான் அந்த மாணவனுக்கும், அவனைப் போல் ஒரு சத்தியத்தைச் சுமந்துகொண்டிருக்கும் மற்ற மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நோயே இல்லாத நோயாளி

முதலில், அந்த மாணவியின் கேள்வி. அவர் பார்த்த படம் 'சைட் எஃபெக்ட்ஸ்'. ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கி 2013-இல் வெளிவந்த உளவியல் திகில் படம். ரூனி மாராவும் ஜூட் லாவும் நடித்தது. மனச்சோர்வால் அவதிப்படும் ஓர் இளம் மனைவிக்கு மருத்துவர் 'அப்லிக்ஸா' என்ற புது மாத்திரையைக் கொடுக்கிறார். ஒரு நாள் அவள் தூக்கத்தில் நடப்பவள் போல் கணவனைக் கத்தியால் குத்திவிடுகிறாள். பழி மாத்திரையின் மேல் விழுகிறது. மருத்துவரின் பெயரும் கெடுகிறது. படம் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும். முடிவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவளுக்கு நோயே இல்லை. எல்லாம் நடிப்பு. மருந்து நிறுவனத்தின் பங்கு விலை விழுவதை வைத்துப் பணம் பண்ணும் சதி அது.

அப்லிக்ஸா என்ற மருந்து உலகில் எங்கும் கிடையாது. அது படத்துக்காக உருவாக்கிய பெயர். ஆனால் படம் கிளப்பிவிடும் பயத்துக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரைகள் சில இளையோரிடம், குறிப்பாகத் தொடக்கத்தில், தற்கொலை எண்ணத்தை அதிகரிக்கக்கூடும் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-இல் உத்தரவிட்டது. 2007-இல் அந்த எச்சரிக்கையை 24 வயது வரை உள்ளவர்களுக்கும் நீட்டித்தது.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் மாத்திரையே வேண்டாம்' என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அந்த எச்சரிக்கை சொல்வது வேறு. இந்த மாத்திரைகள் தலைவலி மாத்திரை போல் அரை மணி நேரத்தில் வேலை செய்பவை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஆனால் குமட்டல், தூக்கமின்மை, படபடப்பு போன்ற பக்கவிளைவுகள் முதல் சில நாள்களிலேயே வரலாம். நன்மை வருவதற்கு முன்பே தொல்லை வந்துவிடுகிறது. அந்த இடைப்பட்ட வாரங்களில்தான் இளையோரை மருத்துவரும் வீட்டாரும் அருகில் இருந்து கவனிக்க வேண்டும். ஆக, அந்த எச்சரிக்கையின் சாரம் 'சாப்பிடாதே' என்பதல்ல. 'தனியாக, யாருக்கும் தெரியாமல் சாப்பிடாதே' என்பதுதான்.

கழிப்பறையில் கிடந்த மாத்திரைகள்

மனநோய் இருப்பதாக நடித்து மருத்துவர்களை ஏமாற்ற முடியுமா? முடியும் என்று காட்டியதாக ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. உளவியல் படிக்கப் போகிறவர்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் 1973-இல் வெளியிட்டது. நலமாக இருந்த எட்டுப் பேர், காதில் குரல் கேட்பதாகப் பொய் சொல்லி 12 மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். உள்ளே போனதும் வழக்கம்போல் நடந்துகொண்டார்கள். அப்படியும் ஒருவரையும் போலி என்று மருத்துவர்கள் கண்டுபிடிக்கவில்லை. சராசரியாக 19 நாள்கள் வைத்திருந்துதான் வெளியே விட்டார்கள் என்றது அந்த ஆய்வு.

இதில் மருந்தாளரான என்னை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி வேறொன்று. அந்த எட்டுப் பேருக்கும் சேர்த்து ஏறக்குறைய 2,100 மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. விழுங்கப்பட்டவை இரண்டே இரண்டு. மற்றவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள், அல்லது கழிப்பறையில் கொட்டினார்கள். அப்படிக் கொட்டப் போனபோது, உண்மையான நோயாளிகள் கொட்டிய மாத்திரைகள் சில சமயம் அங்கே ஏற்கெனவே கிடந்தனவாம்.

இந்த ஆய்வையே இன்று அப்படியே நம்ப முடியவில்லை என்பது கதையின் அடுத்த திருப்பம். சுசானா கஹாலன் என்ற பத்திரிகையாளர் பல ஆண்டுகள் தேடிப் பார்த்து, 2019-இல் ஒரு புத்தகம் எழுதினார். ரோசன்ஹான் பல விவரங்களைத் திரித்திருக்கிறார் என்றும், அந்த எட்டுப் பேரில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றும் அதில் சொன்னார். ஏமாற்றை அம்பலப்படுத்திய ஆய்வே சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டது. ஆனால் நோயாளிகள் மாத்திரையை மறைக்கிறார்கள் என்பதற்கு எனக்கு அந்த ஆய்வு தேவையில்லை. அதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன்.

2012: ஒரு படமும் ஒரு மைலோ டின்னும்

என் அக்காவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். எழுதியதை முதலில் படித்தவரும் அவர்தான்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். 2011-இல், ஏறக்குறைய இரண்டு வாரம் அவர் சரியாகத் தூங்கவே இல்லை. களைப்பும் இல்லை. ஒரு நிமிடத்தில் நூறு வார்த்தை பேசுவார். லிட்டில் இந்தியாவில் மூன்று கடை திறக்கப் போவதாகச் சொல்லி, சேமித்த பணத்தையெல்லாம் முன்பணமாகக் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பின் சில வாரங்களில் எல்லாம் தலைகீழாக மாறியது. படுக்கையைவிட்டு எழவில்லை. தலை வாரவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை.

செய்வினை என்றார்கள் உறவினர்கள். இரண்டு மாதம் கயிறு, எலுமிச்சம்பழம் என்று அலைந்தபின், அப்பாவின் நண்பர் சொல்லி அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். பைப்போலார் என்று சொல்லப்படும் இருமுனை மனநோய் என்றார்கள். மனநிலை ஒரு முனையில் அளவுக்கு மீறி உயரும், மறு முனையில் அளவுக்கு மீறித் தாழும். லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் இந்த நோய்க்குப் பயன்படும் என்று கண்டறிந்த பழைய மருந்து அது. இன்றுவரை உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. அக்காவுக்கும் அது வேலை செய்தது. சில மாதங்களில் பழைய அக்காவைப் பார்த்தோம்.

அம்மா அந்த மாத்திரைகளைப் பழைய மைலோ டின் ஒன்றில் போட்டு, சாமி மேடைக்குப் பின்னால் வைத்தார். "யாராவது கேட்டா வைட்டமின்னு சொல்லு" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்படித்தான் சொன்னேன்.

2012 மார்ச் 30-இல் '3' படம் வெளிவந்தது. ஐஸ்வர்யா ஆர். தனுஷ் இயக்கிய முதல் படம்; அனிருத் இசையமைத்த முதல் படமும் அதுதான். கொலவெறி பாட்டு முன்பே ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் அப்போது ஐந்தாம் படிவம். தோழிகளோடு கும்பலாகப் போய்ப் பார்த்தேன். முதல் பாதி முழுக்கப் பள்ளிக்கூடக் காதல், ஒரே சிரிப்பு. இரண்டாம் பாதியில் தனுஷ் நடித்த ராம் பாத்திரத்துக்கு ஒரு நோய் வருகிறது. திரையில் அதன் பெயரைச் சொன்னபோது என் கை சில்லிட்டுப் போனது. அக்காவின் நோய்.

படத்தில் ராமுக்கு இல்லாத உருவங்கள் தெரிகின்றன, வன்முறை வருகிறது. பக்கத்தில் இருந்த தோழி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, சமையலறைக் கத்திகள் இரண்டையும் எடுத்து என் அலமாரியில் ஒளித்து வைத்தது. பிறகு அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலையில் அக்கா வெங்காயம் நறுக்கக் கத்தியைத் தேடினார். என் முகத்தைப் பார்த்தார். அவரும் அந்தப் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். "என்னைப் பார்த்தா பயமா இருக்கா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் காலைகளில் அது ஒன்று.

பின்னாளில் யு.எஸ்.எம்.மில் மருந்தியல் படித்தபோதுதான் முழு விவரமும் தெரிந்தது. இருமுனை மனநோய் முற்றிய நிலையில் குரல்கள் கேட்பதோ உருவங்கள் தெரிவதோ சிலருக்கு வரலாம். ஆனால் அது எல்லாருக்கும் வருவதில்லை. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. மாறாக, மற்றவர்களால் தாக்கப்படும் ஆபத்துதான் அவர்களுக்கு அதிகம்.

நம் திரைப்படங்கள் இதைச் சொல்வது அரிது. 2005-இல் வந்த இரண்டு பெரிய படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சந்திரமுகி'யில் ரஜினி மனநல மருத்துவர். ஆனால் கங்காவைக் குணப்படுத்துவது மாத்திரையோ தொடர் சிகிச்சையோ இல்லை; ஒரு பொம்மையை வைத்து நடத்தும் நாடகம். ஒரே இரவில் எல்லாம் சரியாகிவிடுகிறது. 'அந்நியன்' படத்தின் முடிவிலோ, சிகிச்சை முடிந்து குணமாகிவிட்டார் என்று அம்பியை வெளியே விடுகிறார்கள். உள்ளே அந்நியன் அப்படியே இருக்கிறான், அது மனைவிக்கும் தெரியாது. ஒரு படம் 'மருந்தே வேண்டாம்' என்கிறது. மற்றொன்று 'குணமானதாகச் சொன்னாலும் நம்பாதே' என்கிறது. இரண்டுமே விறுவிறுப்பான படங்கள்தான். நானும் ரசித்தேன். ஆனால் நோயாளி இருக்கும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது அவை வேறு மாதிரி இருக்கும்.

தேநீர்த் தட்டும் கை நடுக்கமும்

அந்த ஆண்டின் பிற்பகுதியில் அக்காவுக்கு வரன் வந்தது. நல்ல குடும்பம். பெண் பார்க்க வரும் நாள் குறித்தாயிற்று. அம்மாவுக்கு ஒரே கவலை. லித்தியம் சாப்பிடுபவர்கள் சிலருக்குக் கை லேசாக நடுங்கும். அக்காவுக்கும் அப்படித்தான். தேநீர்த் தட்டை எடுத்து வந்தால் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிடும். "ரெண்டு மூணு நாளைக்கு மட்டும் மாத்திரை போடாதேம்மா" என்றார் அம்மா. அவர் கெட்டவர் இல்லை. மகளுக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டும் என்று தவித்த தாய். நோயைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கை நடுங்கவில்லை. வரன் பிடித்துப்போயிற்று.

அம்மா மீண்டும் மாத்திரையை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். அக்கா வாங்கி வாயில் போட்டுக்கொள்வார், தண்ணீர் குடிப்பார். ஒரு நாள் குளியலறைக் குப்பைத் தொட்டியில் டிஷ்யூ தாளில் சுற்றிய மாத்திரைகளைப் பார்த்தேன். கேட்டபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் நல்லாத்தான் இருக்கேன். இனிமே எனக்கு அது வேணாம். கல்யாணம் ஆகி அங்க போயி எப்படி ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிடுறது? அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அக்காவும் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தார். நன்றாக இருப்பதற்குக் காரணமே மாத்திரை என்பது எங்கள் இருவருக்கும் புரியவில்லை. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் அடுத்து வரும் மாதங்களில் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியாது.

ஐந்து வாரம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். மூன்றாவது வாரத்தில் அக்காவின் தூக்கம் குறைந்தது. நான்காவது வாரத்தில் பேச்சு வேகமானது. ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லிவிடலாமா என்று நூறு முறை நினைத்தேன். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, புத்தகத்தைத் திறந்தால் எழுத்து எதுவும் மண்டையில் ஏறவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு நள்ளிரவில், ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து அக்கா யாருக்கும் தெரியாமல் இறங்கிப் போய்விட்டார். அப்பாவும் மாமாவும் மோட்டார் சைக்கிளில் தெருத் தெருவாகத் தேடினார்கள். விடியும் நேரத்தில் எஸ்பிளனேட் கடற்சுவரோரம் கண்டுபிடித்தார்கள். கையில் இருந்த 50 ரிங்கிட் நோட்டுகளை, அங்கே தூண்டில் போட வந்தவர்களுக்கும் படுத்திருந்தவர்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். காலில் செருப்பு இல்லை. அந்தத் தூண்டில்காரர்களில் ஒருவர்தான் பணத்தை வாங்க மறுத்து, அப்பா வரும்வரை அக்காவை அங்கேயே உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் டாக்டர் மலாயில் கேட்டார், "கடைசியாக மாத்திரை எப்போது சாப்பிட்டார்?" அம்மா உடனே, "நேற்று இரவு" என்றார். அம்மா பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் நம்பினார். அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பேசும் நிலையில் இல்லை.

"இல்ல டாக்டர். அஞ்சு வாரமா சாப்பிடல" என்றேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்த ஒரு வாக்கியம் ஏன் முக்கியம் என்பதை மருந்தாளராகச் சொல்கிறேன். நோயாளி ஒழுங்காகச் சாப்பிட்டும் நோய் திரும்பியது என்றால், மருந்து பலிக்கவில்லை என்று மருத்துவர் நினைப்பார். அளவைக் கூட்டுவார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். நிறுத்தியதால் திரும்பியது என்றால் சிகிச்சை வேறு. லித்தியம் மிகவும் குறுகிய அளவுக்குள் வேலை செய்யும் மருந்து. குறைந்தால் பயனில்லை, கூடினால் நஞ்சு. அதனால்தான் இரத்தப் பரிசோதனை செய்து அளவு பார்க்கிறார்கள். அக்காவின் விஷயத்தில் இரத்தமே உண்மையைச் சொல்லியிருக்கும். ஆனால் எல்லா மனநல மருந்துக்கும் அப்படி வழக்கமான சோதனை கிடையாது. பல நேரங்களில் மருத்துவருக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி, நோயாளியும் வீட்டாரும் சொல்லும் சொல்தான்.

இன்னொன்றும் அன்று தெரிந்துகொண்டோம். கை நடுக்கத்தைப் பற்றி முன்பே சொல்லியிருந்தால் அளவை மாற்றியோ வேறு மருந்து சேர்த்தோ குறைத்திருக்கலாம் என்றார் டாக்டர். பிறகு அப்படித்தான் செய்தார்கள். நடுக்கமும் குறைந்தது. ஒரு கேள்வியில் தீர்ந்திருக்க வேண்டியதை, மறைத்து மறைத்து எங்கே கொண்டுபோய் விட்டோம்!

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அக்கா நிறைய அழுதார். இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சத்தியத்தை மீறியதற்காக என்று நினைத்தேன். பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் அவரே சொன்னார்: "நீ சொன்னதுக்குக் கோபம் இல்ல. அஞ்சு வாரம் சொல்லாம இருந்தியேன்னுதான்."

அடுத்த முறை '3' படத்தைப் பார்த்தபோது ராம் என் கண்ணில் படவில்லை. அவனுடைய நண்பன் செந்தில்தான் பட்டான். ராமின் நோயை அறிந்தவன் அவன். மனைவி ஜனனியிடம் சொல்லாதே என்ற வாக்கைக் காப்பாற்றுகிறான். தனியாகவே சமாளிக்கப் பார்க்கிறான். நல்லவன், பாசமுள்ளவன். கடைசியில் நண்பன் உயிரோடு இல்லை. உண்மையெல்லாம் அதன் பிறகுதான் ஜனனிக்குத் தெரிகிறது.

மறைப்பு எங்கே கொண்டு போகும்

மாத்திரையை ஒளிப்பதில் தொடங்கும் மறைப்பு, சில இடங்களில் ஆளையே ஒளிப்பதில் போய் முடிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்கா இருக்கும் ஊரைச் சுற்றி மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகங்கள் இருந்தன. குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போயின. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி அதிகாலை ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன்பின்தான் அரசாங்கம் அந்தக் காப்பகங்களை மூடியது.

நம் நாட்டில் அப்படிச் சங்கிலி இல்லாமல் இருக்கலாம். ஆனால் சொல் இருக்கிறது. பேராக் மாநிலத்தின் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் பஹாகியா மருத்துவமனை. 'பஹாகியா' என்றால் மகிழ்ச்சி. ஆனால் நூறு ஆண்டுக்கு மேலாக நாம் அந்த ஊர்ப் பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோம். "நீ தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போக வேண்டிய ஆளு" என்று வகுப்பில் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்த வகுப்பில் மாத்திரை சாப்பிடும் ஒருவர் இருந்தால், அதன்பின் அவர் வாய் திறப்பாரா?

அப்படி ஒருவர் இருக்கவும் வாய்ப்பு அதிகம். சுகாதார அமைச்சின் 2022-ஆம் ஆண்டு ஆய்வின்படி, இடைநிலைப்பள்ளி வயதினரில் நால்வரில் ஒருவர் மனச்சோர்வை உணர்கிறார். பெரியவர்களிடையே மனச்சோர்வு 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்தது; 2023-இல் அது 4.6 விழுக்காடு. சட்டமும் மாறிவருகிறது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. உதவி கேட்பவர் இனிக் குற்றவாளி அல்ல. சட்டத்துக்கே புரிந்தது நம் வீடுகளுக்கும் புரிய வேண்டும்.

என் வேலையிடத்தில் இன்றும் சிலர் கேட்பார்கள்: "மிஸ், பாக்கெட்டுல ஒட்டியிருக்கிற பேரைக் கிழிச்சிட்டுக் கொடுங்க. வீட்டுல பார்த்துடுவாங்க." அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மைலோ டின் நினைவுக்கு வரும்.

தம்பிக்கு என் பதில்

தம்பி, அன்று பேருந்து வந்துவிட்டதால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் கூட்டாளியின் நோயை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வகுப்புக்குச் சொல்லாதே, வாட்ஸ்அப் குழுவில் போடாதே. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவனுடைய உரிமை. ஆனால் அவன் சிகிச்சையில் இருக்கிறானா, நிறுத்திவிட்டானா என்பது தெரிந்தே ஆக வேண்டியவர்கள் இருக்கிறார்கள்: அவனுடைய மருத்துவர், அவனைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர். அவர்களிடமிருந்து மறைப்பது இரகசியம் காப்பது ஆகாது. அது ஏமாற்று; கடைசியில் ஏமாறுபவன் அவன்தான்.

முதலில் அவனிடமே சொல்: "நான் இதை ஒரு பெரியவரிடம் சொல்லப் போகிறேன். நீயும் வா, சேர்ந்து போவோம்." முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்வதைவிட அது மேல். ஏன் நிறுத்தினான் என்று கேள். தூக்கமா, உடல் பருத்துவிட்டதா, கை நடுக்கமா, கேலியா? காரணம் எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லக்கூடியதுதான். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். நிறுத்துவதாக இருந்தாலும் மருத்துவர் பார்த்துக்கொள்ள, படிப்படியாக நிறுத்துவதுதான் முறை. 'திரும்பவும் சாப்பிடு' என்று நீயாக மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதே. இடையில் விட்ட மருந்தை எப்படி மீண்டும் தொடங்குவது என்பதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அவன் வர மறுத்தால் நீ மட்டும் போ. பள்ளி ஆலோசக ஆசிரியர், உனக்கு நம்பிக்கையான ஆசிரியர், அவன் வீட்டுப் பெரியவர், யாராவது ஒருவர். முதலில் சொன்னவர் பொருட்படுத்தவில்லை என்றால் இன்னொருவரிடம் சொல். பணம் ஒரு தடை என்று நினைக்க வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட், மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் சிகிச்சைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் தேவைப்படும். அதனால் எப்படியும் ஒரு பெரியவர் வேண்டும்.

அவன் சாவதைப் பற்றிப் பேசினால் அடுத்த நாள்வரை காத்திருக்காதே. அவனைத் தனியே விடாதே. 999-ஐ அழை, அல்லது அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் பெரியவர் ஒருவரோடு அழைத்துப் போ. பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. தாலியான் காசே 15999. 24 மணி நேரமும் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. இந்த எண்களை நீயும் அழைக்கலாம். கூட்டாளியின் பாரத்தைச் சுமப்பவனுக்கும் பாரம் உண்டு.

அவன் உன்மேல் கோபப்படலாம். பேசாமல் இருக்கலாம். என் அக்கா இரண்டு மாதம் பேசவில்லை. இன்று ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறார். தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை, குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை. போன மாதம் வீட்டுக்கு வந்த சித்தி, சாப்பாட்டு மேசையில் இருந்த மாத்திரை டப்பாவைப் பார்த்து, "இது என்னடி?" என்று கேட்டார். நான் பழைய பழக்கத்தில் "வைட்டமின்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா முந்திக்கொண்டார். "என்னோட பைப்போலார் மருந்து சித்தி. உக்காருங்க, தண்ணி கலக்குறேன்."